சாவு வீட்டு ஓட்டு

ஆண்டர்சன்பேட்டை,
3 மார்ச் 1968

கிறிஸ்துவுக்குள் அன்பான ஃப்ளோரா அக்காவுக்கு,

உன் தம்பி ஏசுபாதம் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். பெங்களூரில் நர்ஸ் விடுதிச் சாப்பாடு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். அம்மா உனக்காக எள்ளுப்பொடி இடித்து வைத்திருக்கிறாள். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

நீ சொல்லிவைத்த ஃபாக்டரி வேலைக்கு நான் இப்போது வரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாமல் மேலே படி. அடுத்த மாதம் முனிசிபாலிடி எலெக்‌ஷன். நம் வார்டில் எங்கள் வாலிபர் சங்கம் ஒரு ஆளை நிறுத்துகிறது. அந்த ஆள் நான்தான்.

சிரிக்காதே. நம் சுரங்கக் குடியிருப்பு லைனில் பெண்கள் கக்கூஸுக்குக் கதவு போய் எத்தனை வருஷமாகிறது என்று உனக்கே தெரியும். அம்மா இன்னும் விடிவதற்கு முன்னால் எழுந்து, பக்கத்து வீட்டு மங்கம்மாவைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் போகிறாள். கம்பெனியில் கேட்டால் கட்டியது முனிசிபாலிடி என்கிறார்கள். முனிசிபாலிடியில் கேட்டால் இடம் கம்பெனியுடையது என்கிறார்கள். இப்போதைய கவுன்சிலர் ஜவுளிக்கடை ராமலிங்கம், "பாக்கறேன், பாக்கறேன்" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கடை ராபர்ட்சன்பேட்டையில், கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே. அவர் எதைப் பார்ப்பார்?

அப்பாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துகொண்டு, "சேர்ல உக்காந்து பேசற வேலைய நம்ம வம்சத்துல எவன் பாத்தான்? நீ பாரு. கேஜுல ஏறி சொரங்கத்துல எறங்கற பொழப்பு என்னோட போவட்டும்" என்றார். அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நீ கேட்டிருக்கிறாயா?

ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.

உன் தம்பி,
ஏசுபாதம்


பெங்களூர்,
9 மார்ச் 1968

தம்பி,

டியூட்டி முடிந்து வந்து உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் நீ குடித்துவிட்டு எழுதவில்லை என்று நிச்சயமானது.

கவுன்சிலருக்கு மாதம் என்ன சம்பளம் என்று விசாரித்தாயா? நான் இங்கே விசாரித்தேன். ஒன்றும் கிடையாதாம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு டீக்கடை பெஞ்சைத் தேய்க்கிற பையன், ஊருக்குக் கதவு போடக் கிளம்பிவிட்டான். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்.

நான் சொல்வதைக் கேள். போன தடவை வந்தபோது அப்பாவின் இருமலைக் கேட்டேன். அதே இருமலை இங்கே வார்டில் தினமும் கேட்கிறேன். அந்த மாதிரி இருமுகிற யாரும் வெகுநாள் வேலை செய்ததாக எனக்குத் தெரியாது. அவர் வேலையைவிட்டு நின்றால் கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொல்லும். லைனில் அது எல்லோருக்கும் நடப்பதுதான். அன்றைக்கு அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பாய்? அந்தக் கதவில்லாத கக்கூஸிலா?

மேட்ரனிடம் கெஞ்சி, அவள் வீட்டுக்காரரிடம் சொல்லி, அந்த ஃபாக்டரியில் உனக்காக ஒரு ஸ்டோர் கிளார்க் வேலையைப் பிடித்து வைத்திருக்கிறேன். மே மாதம் வரைக்கும்தான் காத்திருப்பார்கள். அப்பா சந்தோஷப்படுகிறார் என்று எழுதியிருக்கிறாய். அப்பா எதற்குத்தான் சந்தோஷப்படமாட்டார்? தெருவில் பேண்டு வாசித்தால்கூட எழுந்து நிற்கிற மனிதர்.

ஃப்ளோரா


ஆண்டர்சன்பேட்டை,
27 மார்ச் 1968

அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அப்பாவுக்குக் காட்டினேன். "அவ சொல்றதும் நெஜம்தான்" என்றார். கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "அதுக்காக நீ பின்வாங்கிடாத" என்றார்.

எனக்கு சைக்கிள் சின்னம் கொடுத்திருக்கிறார்கள். "மொதல்ல அத்த ஓட்டக் கத்துக்கோடா" என்று அப்பா லைன் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார். கோவிந்தராஜின் டீக்கடைதான் எங்கள் ஆபீஸ். சாயங்காலம் ஆனால் பையன்கள் எல்லோரும் சேர்ந்து வீடு வீடாகப் போகிறோம். பெண்கள், "கதவ போட்டுட்டு வா, ஓட்டு போடறோம்" என்கிறார்கள். ஓட்டு போட்டால்தானே கதவு போட முடியும் என்றால், "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று உள்ளே போய்விடுகிறார்கள். மங்கம்மாவாவது போடுவாள் என்று நினைத்தேன். "மூக்கு ஒழுகிக்கினு திரிஞ்ச பையன், உனுக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

ராமலிங்கம் கடையில்தான் லைன் முழுக்கவும் பண்டிகைத் துணி எடுக்கிறது. முகத்துக்கு நேரே அவரை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தோற்றுப்போவேன் என்று கோவிந்தராஜே சொல்கிறான். தோற்றால் அடுத்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் ஸ்டோர் கிளார்க் வேலைக்கு வந்துவிடுகிறேன். இது சத்தியம். ஆனால் நின்று பார்க்காமல் வரமாட்டேன். எந்த ஆபீஸுக்குப் போனாலும் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம், அக்கா. ஒரு தடவை உள்ளே போய் உட்கார வேண்டும் என்று இருக்கிறது.

ஓட்டு நாளன்று அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட். லீவு போடச் சொன்னேன். கூலி போய்விடும் என்கிறார். மேலே வந்ததும் குளித்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் ஓட்டுப் போடுவாராம்.

ஏசுபாதம்


பெங்களூர்,
4 ஏப்ரல் 1968

அன்புள்ள வேட்பாளருக்கு,

உன்னோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. தோற்றால் வருகிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறாய். ஆகவே உன் தோல்விக்காக உருக்கமாக ஜெபிக்கிறேன்.

விளையாட்டுக்குச் சொன்னேன். வெயிலில் தலைக்குத் துண்டு போடாமல் சுற்றாதே. பெரியவர்கள் வீட்டில் வாதாடாதே, உனக்கு அந்தப் புத்தி உண்டு. ராமலிங்கத்தைப் பற்றித் தரக்குறைவாக எங்கேயும் பேசவேண்டாம். நாளைக்கு அதே கடையில்தான் துணி எடுக்கவேண்டும்.

அப்பா வெள்ளைச் சட்டையோடு ஓட்டுப் போடப் போவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். லீவு கிடைக்காது.

ஃப்ளோரா அக்கா


ஆண்டர்சன்பேட்டை,
24 ஏப்ரல் 1968

அக்கா,

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு நீ பஸ் ஏறிய மறுநாள் ஓட்டு எண்ணினார்கள். நான் போகவில்லை. கோவிந்தராஜ் ஓடிவந்து, சாவு வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றான்.

நான் ஜெயித்துவிட்டேன்.

நீ இருந்த இரண்டு நாளில் எதையும் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன். ஓட்டு நாள் காலையில் சாவடியில் நம் ஆட்கள் கியூவில் வந்து நின்றார்கள். தரை குலுங்கியது. பூமிக்குக் கீழே பாறை வெடித்தால் வீட்டுப் பாத்திரங்கள் உருளுவது இங்கே வழக்கம்தானே, யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு சைரன் ஊதியது. கியூ முழுவதும் கலைந்து, சுரங்கம் இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடியது. நானும் ஓடினேன். சாவடியில் போலீஸ்காரரும் ராமலிங்கத்தின் ஏஜெண்டும் மட்டும் இருந்தார்களாம். கேஜ் மேலே வர வர ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பாவையும் இன்னும் இரண்டு பேரையும் கடைசியில் கொண்டுவந்தார்கள். அம்மாவைப் பிடித்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை கோவிந்தராஜ் சொல்லித்தான் தெரியும்.

சாவு வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு வரக்கூடாது என்பது லைனில் உள்ள வழக்கம். அரிசியோ எண்ணெயோ ஒரு முழம் துணியோ, ஏதாவது வேண்டும். அன்றைக்கு எல்லோரும் போட்டது போட்டபடி ஓடிவந்தவர்கள். அப்பாவோடு ஒரே கேங்கில் வேலை பார்த்த காத்தவராயன் அண்ணன், "வெறுங்கையோட எப்டிடா தேவசகாயம் வூட்டுக்குப் போறது? அவன் புள்ளைக்கு ஓட்டு வேணும்னு கேட்டுக்கினே இருந்தான். அத்த போட்டுட்டுப் போலாம், வாங்க" என்றாராம். ஷாஃப்டிலிருந்து கும்பலாக நடந்து, சாவடி மூடுவதற்குள் போய்ப் போட்டிருக்கிறார்கள். ராமலிங்கத்துக்குப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தவர்களும் போட்டிருக்கிறார்கள். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் விரலில் எல்லாம் மை இருந்தது. நீ கவனித்திருக்கமாட்டாய்.

அப்பா ஓட்டுப் போடவில்லை. நானும் போடவில்லை.

சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. ஆனால் அப்பா கேட்டது கிடைத்துவிட்டது, அதை விடக்கூடாது என்று மட்டும் மனதில் நிற்கிறது. இந்த நேரத்தில் காத்தவராயன் அண்ணன் வந்து, அப்பாவின் வேலையை எனக்குக் கொடுக்கச் சொல்லி லைன் முழுவதும் கைநாட்டு வைத்து மனு கொடுத்திருப்பதாகச் சொல்கிறார். உன் கையெழுத்தும் அதில் இருக்கிறதாம். இது சர்க்கார் கம்பெனி, எலெக்‌ஷன் பதவியில் இருப்பவனுக்கு வேலை கிடையாது, ராஜினாமா எழுதிக்கொண்டு வா என்று லேபர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

ஏன் கையெழுத்துப் போட்டாய்?

ஏசுபாதம்


பெங்களூர்,
29 ஏப்ரல் 1968

தம்பி,

ஆமாம், போட்டேன். கல்லறையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது காத்தவராயன் அண்ணன் காகிதத்தை நீட்டினார். "வூடு போவாம இருக்கணும்னா இதான் வழி" என்றார். அம்மா சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? இன்றைக்கு நீட்டினாலும் போடுவேன்.

நீ தோற்றுவிட்டாய் என்றுதான் நான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவனவன் ஒரு ஓட்டை அப்பாவுக்காகப் போட்டான். அதெல்லாம் சேர்ந்து உன்னை ஜெயிக்கவைக்கும் என்று ஒருவனுக்காவது தோன்றியிருக்குமா? தோன்றியிருந்தால் மனுவை எழுதியிருக்கவேமாட்டார்கள்.

ஸ்டோர் கிளார்க் வேலைக்கு இங்கே வந்துவிடு என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். அம்மா வரமாட்டாள். கிளம்பும் அன்று கேட்டேன். "அவரத் தனியா மண்ணுல போட்டுட்டு எங்க வரச்சொல்ற?" என்றாள். அவளுக்கு அந்த வீடு வேண்டும். அந்த வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை கேஜில் ஏறவேண்டும். இதை நானா உண்டாக்கினேன்?

அப்பாவின் ஆசையை நீ எனக்குச் சொல்லாதே. எனக்கும் அவர் அப்பா. ஆசைப்பட்டவர் போய்விட்டார். இருக்கிறவளைப் பார். ராஜினாமா எழுதிக் கொடு.

ஃப்ளோரா


ஆண்டர்சன்பேட்டை,
7 மே 1968

அக்கா,

ராஜினாமா எழுதமாட்டேன் என்று உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

ஓட்டுப் போட்டவர்களையே கேட்டுவிடலாம் என்று மறுபடியும் வீடு வீடாகப் போனேன். என்னை நம்பித்தானே போட்டார்கள், எங்காவது ஒரு வழி சொல்வார்கள் என்று எண்ணம். எல்லா வீட்டிலும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். இவ்வளவு மரியாதை எலெக்‌ஷன் சமயத்தில் கிடைக்கவில்லை. மங்கம்மா என் தலையைத் தடவிக்கொண்டே, "ஓட்டு உங்கப்பனுக்குப் போட்டது கண்ணு. உனுக்குன்னு நாங்க வாங்கிக் குடுத்தது வேலை. அத்த உட்டுடாத" என்றாள். கக்கூஸ் கதவு என்ன ஆகும் என்று கேட்டேன். "அது இல்லாம இத்தினி நாளு போவலையா?" என்றாள்.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனை பேர் சேர்ந்து எனக்கு நல்லது செய்திருக்கிறார்கள். யார் கையைத் தட்டிவிடுவது?

சங்கத்துப் பையன்கள் இரண்டு பங்காகிவிட்டார்கள். கோவிந்தராஜ் மட்டும், "ராஜினாமா பண்ணாத, அம்மாவ என் வூட்ல வச்சிக்கிறேன்" என்றான். அவன் வீட்டில் ஏற்கெனவே ஒரு அறையில் ஏழு பேர்.

பதினைந்தாம் தேதிக்குள் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அப்பா இடத்துக்கு வேறு ஆள், வீடும் அந்த ஆளுக்கு. அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், எதுவானாலும் செய்கிறேன். அவள் வாயே திறக்கவில்லை. நீயாவது உன் முதல் கடிதத்தைப் போல நாலு திட்டு திட்டி எழுது. உன் போன கடிதத்தில் எனக்கு அக்கா கிடைக்கவில்லை.

ஏசுபாதம்


பெங்களூர்,
14 மே 1968

என் அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாளாயிற்று. எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நேற்று வார்டில் உன் வயதுப் பையன் ஒருவன், நம் ஊர்க்காரன், அப்பா இருமிய மாதிரியே இருமினான். அவன் வாயைத் துடைத்துவிட்டு, வராந்தாவில் போய் நின்று அழுதேன். நான் செய்தது தப்பு. உன்னை நான் கீழே தள்ளுகிறேன்.

ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதே. கம்பெனி வீடு போனால் போகட்டும். ஆண்டர்சன்பேட்டை பஜார் பக்கம் ஒரு அறை வாடகைக்குப் பார். நம் வார்டுக்குள்ளேயே பார். என் சம்பளத்தில் பாதியை மாதம் பிறந்ததும் அனுப்பிவிடுகிறேன். கல்யாணத்துக்கு என்று நான் சேர்ப்பது இருக்கிறது, அதற்கு ஒன்றும் அவசரமில்லை. கல்லறைக்கு அங்கிருந்தும் நடந்தே போகலாம் என்று அம்மாவிடம் சொல். அழுவாள், பிறகு வருவாள். நீ போய் உன் நாற்காலியில் உட்கார். அப்பா உட்காரச் சொன்ன நாற்காலி.

கவரின்மேல் உன் பெயரை எப்படி எழுதியிருக்கிறேன் என்று பார்த்தாயா? கவரை வாங்கி அங்கேயே முகவரி எழுதியபோது போஸ்ட் ஆபீஸ் பெண் படித்துவிட்டு, "உங்க தம்பியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சத்தமாகவே சொன்னேன்.

உடனே பதில் போடு.

உன் அக்கா


ஆண்டர்சன்பேட்டை,
22 மே 1968

அக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் கீழே இருந்தேன்.

பதினான்காம் தேதி கம்பெனி ஆள் ஒருவர் வந்து, காலி செய்யவேண்டிய வீடு என்று நம் வாசற்கதவில் சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டுப் போனார். அம்மா எழுந்து போய் முந்தானையால் துடைத்தாள். அது போகாமல் கதவு முழுக்க வெள்ளையாகப் படர்ந்தது. தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவள் எங்கே என்று கேட்கவில்லை.

முனிசிபாலிடி ஆபீஸுக்குள் முதல் தடவையாகப் போனேன். ஜெயித்தவன் என்று தெரிந்ததும் கிளார்க் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்துதான் ராஜினாமா எழுதினேன். படித்துவிட்டு, "யாக்கே?" என்று கன்னடத்தில் கேட்டார். ஏன் என்று கேட்கிறார். பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டு எழுந்தேன். ராமலிங்கம் அங்கேதான் இருந்தார். வெளியே கூட்டிக்கொண்டுபோய், "உங்கப்பா நல்ல மனுஷன், தம்பி. மனச உட்டுடாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி எலெக்‌ஷன் வந்தால் அவரை எதிர்த்து நிற்க ஆள் இல்லை. சங்கம் கலைந்துவிட்டது. கோவிந்தராஜ் என்னோடு பேசுவதில்லை.

கேஜில் ஏறிய முதல் நாள் எல்லோரும் எனக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றார்கள். கீழே போகப்போக அப்படி ஒரு சூடு, அக்கா. அப்பா ஒருநாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லையே. காத்தவராயன் அண்ணன் என்னைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். பாறை சத்தம் கேட்டால் முதலில் என்னைப் பிடித்து இழுக்கிறார்.

அம்மா சாப்பிடுகிறாள். வீடு இருக்கிறது. பணம் அனுப்பவேண்டாம், உன் கல்யாணத்துக்கு வை. நீ தப்பு செய்தாய் என்று நான் நினைக்கவில்லை. யார்தான் தப்பு செய்தார்கள்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். "திரு. தே. ஏசுபாதம், முனிசிபல் கவுன்சிலர்" என்று நீ கவரில் எழுதியிருந்ததை, தபால்காரர் லைன் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்திருக்கிறார். ராஜினாமா விஷயம் அவருக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து ஷிஃப்டில் எனக்கு அதுதான் பெயர். "கவுன்சிலரு, அந்தக் கட்டைய இப்டி தள்ளு." "கவுன்சிலரு, தண்ணி குடிச்சியா?" கேலி செய்யவில்லை. ஆசையாகத்தான் கூப்பிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் காது கேட்காத மாதிரி இருந்தேன். இப்போது யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

இனிமேல் கவரில் பெயரை மட்டும் எழுது, அக்கா.

உன் தம்பி,
ஏசுபாதம்